எச்சரிக்கைத் துணியில் விட்டுப்போன ஒற்று

தென்காசி தனி மாவட்டமான பிறகு நடந்த ஓய்வூதியர் கூட்டம் ஒன்றுக்கு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் துணை வட்டாட்சியராக இருந்த ஒரு பெண், கலவரக் கூட்டத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று தங்களுக்குப் பயிற்சியில் இரண்டு நாள் வகுப்பு எடுத்ததாகச் சொல்லி, உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நான் சொன்ன பதிலை அவர் நம்பவில்லை. சிரித்துவிட்டு, அப்படியே எழுதிக் கொடுங்கள் சார், நாங்கள் படிக்கிறோம் என்றார். அதனால் எழுதுகிறேன். எண்பத்தாறு வயதில் ஞாபகம் சில இடங்களில் மங்கும். இது மங்கவில்லை.

நான் ஐம்பதுகளின் நடுவில் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் ஒரு வருஷம் காகிதக் கட்டுகளுக்கு நூல் கட்டவும், தபாலுக்கு எண் போடவும், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கவும் பழகினேன். செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்தபோது அங்கிருந்து மலையாளத்தில் எழுதிய காகிதங்கள் மூட்டைமூட்டையாக வந்தன. அதைப் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு. ஒரு மூட்டையில், சோதனைச் சாவடியில் அரிசி கடத்தியதாகப் பிடிபட்ட ஒருவர் மேல் போட்ட வழக்கு இருந்தது. அவர் அரிசியோடு நின்ற இடத்துக்கு இரண்டு பக்கமும் இப்போது ஒரே ராஜ்யம். எந்த எல்லையைத் தாண்டிக் கடத்தினார் என்று எழுதுவது என யாருக்கும் தெரியவில்லை. அவரோ மாதம் ஒருமுறை வந்து, என் கேஸ் என்னாச்சு என்று கேட்டுவிட்டுப் போவார். அவரைத் தவிர அந்த வழக்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால், போர்டு எழுதுவது, நோட்டீஸ் ஒட்டுவது எல்லாம் நாளடைவில் என் தலையில் விழுந்தது. பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குத் தாசில்தாராக வந்தவர் சங்கரசுப்பு. பெயரை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு தாலுகாவுக்குத் தாசில்தார்தான் எல்லாம். மழை பெய்ததா என்று கணக்குச் சொல்வதும் அவர், மாஜிஸ்டிரேட்டும் அவர், கோயில் கொடைக்கு அனுமதி கொடுப்பதும் அவர். ஒரு குட்டி ராஜ்யத்தின் கவர்னர் என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் சங்கரசுப்பு பார்க்கக் கவர்னர் மாதிரி இருக்க மாட்டார். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, மூக்கு நுனிக்கு இறங்கி வரும் கண்ணாடி.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு காகிதம் அவர் மேஜைக்குப் போனால், தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை விரலை வைத்துப் படிப்பார். பிழை இருந்தால் திருத்த மாட்டார். அந்த இடத்தில் பென்சிலால் மெல்லிய வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். எது பிழை என்று சொல்லவும் மாட்டார். நாமே வட்டத்தை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை ஆய்க்குடிப் பக்கம் ஆக்கிரமிப்பை அகற்ற ஆட்களோடு போனோம். ஆட்கள் கடப்பாரையை ஓங்கிய பிறகு அவர் நோட்டீஸைக் கையில் வாங்கிப் படித்தார். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. நோட்டீஸ் தப்புன்னா நோட்டீஸே இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ஆக்கிரமித்தவர் எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

அவரைப் புரிந்துகொள்ளக் குற்றாலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கோடையில், வடக்கேயிருந்து ஒரு பெரிய மனிதர் அருவி பார்க்க வருகிறார் என்று மேலிடத்திலிருந்து தந்தி வந்தது. அருவி நல்ல நிலையில் இருப்பதை உறுதி செய்யவும் என்று அதில் இருந்தது. ஏப்ரல் மாதம் குற்றாலத்தில் பாறைதான் இருக்கும். அருவியில் தற்சமயம் நீர் இல்லை, மலையின் மீது இந்த அலுவலகத்துக்கு அதிகாரம் ஏதும் இல்லை என்று சங்கரசுப்பு பதில் எழுதினார். மாற்று ஏற்பாடு செய்யவும் என்று மறுநாளே பதில் வந்தது.

உத்தரவு வந்தால் செய்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. மலைமேல் ஓடைக் கசிவை மணல் மூட்டை போட்டு இரண்டு நாள் தேக்கி வைக்கச் சொன்னார். பெரிய மனிதர் காலை பத்து மணிக்கு வருவார், பத்து மணிக்கு மூட்டைகளை எடுத்துவிட வேண்டும் என்று வனக் காவலர் ஒருவரிடம் எழுத்துமூலமாகக் கொடுத்து மேலே அனுப்பினார். பெரிய மனிதரின் கார் கயத்தாறு அருகே பழுதாகி நின்றுவிட்டது. மேலே இருக்கும் காவலருக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. சரியாகப் பத்து மணிக்கு அருவி கொட்டியது. கால் மணி நேரம் நல்ல அருவிதான். அதில் குளித்தவர்கள் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஒருவரும் பத்துப் பதினைந்து குரங்குகளும். சாயங்காலம் பெரிய மனிதர் வந்து பாறையைப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைய அறிக்கையில் சங்கரசுப்பு எழுதியது: 'உத்தரவுப்படி குறித்த நேரத்தில் அருவி விழுந்தது. விருந்தினர் வந்தபோது பாறை ஈரமாக இருந்தது.'

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் அறுபத்தைந்தாம் வருஷத் தொடக்கத்தில் தாலுகா இருந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஊர் ஊராகப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர் போன செய்திகள் பேப்பரில் வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரான தென்காசியில் கடைகள் அடைத்துக் கிடந்தன. தந்திக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். டெலிபோனில் இரைச்சல் மட்டும் வந்தது. மூன்று நாள் மேலிடம் என்று ஒன்று எங்களுக்கு இல்லை. சங்கரசுப்புதான் சர்க்கார். தாசில்தாரின் சேவகரான எங்கள் டபேதார் மாடசாமி, காலையில் உத்தியோக அடையாளமான டவாலிப் பட்டையை மார்பில் மாட்டுவார், அதற்கு உள்ளே சட்டையில் கறுப்புத் துணியும் குத்தியிருப்பார். கேட்டால், மேல இருக்கது உத்தியோகம், உள்ள இருக்கது நான் என்பார். சங்கரசுப்பு வீட்டிலும் நிலைமை அப்படித்தான். பால்காரர் போராட்டக்காரர். அவர் பால் ஊற்றாததால் தாசில்தார் மூன்று நாளும் கடுங்காப்பி குடித்தார்.

முதல் நாள் மாணவர்கள் ஐம்பது அறுபது பேர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் முருகையா என்ற கல்லூரிப் பையன். கூடவே புலவர் வேலாயுதம் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர், மேல்துண்டு, கட்டுக்குடுமி, எப்போதும் செந்தமிழில்தான் பேசுவார். "வட்டாட்சியர் அவர்களைக் காண வேண்டும்" என்று அவர் சொன்னபோது, அப்படி இங்கே யாரும் இல்லை என்று மாடசாமி சொல்லிவிட்டார். தாசில்தாருக்கு அந்தச் சொல் அப்போது எங்களுக்குப் பழக்கமில்லை.

ஆபீஸில் உள்ள இந்தி எழுத்துக்களைத் தார் பூசி அழிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தாராளமாகத் தேடுங்கள், ஆனால் பட்டியல் போட்டுத் தேடுங்கள் என்றார் சங்கரசுப்பு. என்னைப் பேனாவோடு கூட அனுப்பினார். அரை மணி நேரம் பீரோ பீரோவாகத் தேடினோம். இந்தி ஒரு காலண்டரில் மட்டும் இருந்தது. அதையும் பட்டியலில் எழுதி, முருகையாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பையன்களுக்கு ஏமாற்றம். அப்போது ஒருவன், ரூபாய் நோட்டுல இருக்குலா என்றான்.  தார்ச் சட்டியை வைத்திருந்தவன் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று புலவர் தீர்ப்புச் சொன்னார். காலண்டரோடு போனார்கள்.

இரண்டாம் நாள் அப்படி இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கல் விழுந்தது. வெளி மாவட்டத்திலிருந்து ஆயுதப் போலீஸ் பன்னிரண்டு பேரும் ஒரு இன்ஸ்பெக்டரும் லாரியில் வந்து இறங்கினார்கள். மறுநாள் ரயிலை மறிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சங்கரசுப்பு என்னைக் கூப்பிட்டார். எச்சரிக்கைத் துணி ஒன்று எழுத வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். சுடுவதற்கு முன் மாஜிஸ்டிரேட் ஒலிபெருக்கியில், இது சட்டவிரோதமான கூட்டம் என்று அறிவிக்க வேண்டும். பிறகு கொம்பு ஊத வேண்டும். பிறகு எல்லோரும் படிக்கும்படி எச்சரிக்கை எழுதிய துணியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கலைவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கலையாவிட்டால், இத்தனை ரவுண்டு சுடலாம் என்று எழுதிய உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கம் இந்த முறை இப்படித்தான் இருந்தது. அந்த உத்தரவு ஸைக்ளோஸ்டைலில் அடித்த படிவம். இடம், நேரம், ரவுண்டு என்று மூன்று இடம் காலியாக இருக்கும். அந்தப் படிவத்தை அட்டையில் செருகி, கிளிப் போட்டு என் கையில்தான் கொடுத்திருந்தார். அது ஒரு அவுன்ஸ்கூட இருக்காது. கை வலித்தது.

துணியை ஆபீஸ் பின்கட்டில் விரித்து, சிவப்புப் பெயிண்டில் எழுதினேன். 'இது சட்டவிரோதமான கூட்டம். உடனே கலைந்து செல்லவும். தவறினால் துப்பாக்கி சூடு நடத்தப்படும்.' எழுதும்போது கல் விழுந்து ஓடு உடைகிற சத்தம் கேட்டது. எப்படியோ எழுதி முடித்து, மூங்கிலில் சுற்றிக் கட்டிவிட்டேன். அந்த ஒரு காகிதம்தான், காகிதம் என்று அதைச் சொல்லலாமென்றால், சங்கரசுப்பு விரல் வைத்துப் படிக்காமல் என் கையிலிருந்து வெளியே போனது.

மூன்றாம் நாள் முற்பகல். ரயில்வே ஸ்டேஷன். தண்டவாளத்தின் மேல் நானூறு ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சர் சிக்னலுக்கு அப்பால் நின்று ஊதிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் கிடக்கும் ஜல்லிதான் உங்களுக்குத் தெரியுமே, ஒவ்வொருவர் கைக்கு எட்டும் தூரத்திலும் நூறு கல். போலீஸ் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என் வயதுதான் இருக்கும். ஒருவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. கந்தர் சஷ்டியோ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கரசுப்பு அறிவிப்பைப் படித்தார். கொம்பு ஊதினார்கள். தலையாரிகள் இரண்டு பேர் மூங்கிலைப் பிரித்துத் துணியைத் தூக்கிப் பிடித்தார்கள். நாங்கள் துணிக்குப் பின்னால் நின்றதால் எங்களுக்கு எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. கூட்டம் படித்தது. சத்தம் மெல்ல அடங்கியது. முன்வரிசையில் இருந்த புலவர் வேலாயுதம் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். இன்ஸ்பெக்டர் துப்பாக்கிகளைத் தூக்கச் சொன்னார்.

"வட்டாட்சியர் அவர்களே," என்றார் புலவர். "அந்தத் துணியில் ஓர் ஒற்று விடுபட்டிருக்கிறது."

"என்ன ஒற்று?" என்றார் சங்கரசுப்பு.

"துப்பாக்கிக்கும் சூட்டுக்கும் நடுவே ச் வர வேண்டும். துப்பாக்கிச் சூடு."

சங்கரசுப்பு துணியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். அதாவது துப்பாக்கிகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார். இன்ஸ்பெக்டர் சார் சார் என்று கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, முதல் வரியிலிருந்து விரலை நீட்டி நீட்டிப் படித்தார். பின்னாலிருந்து யாரோ எறிந்த கல் ஒன்று அவர் தோளில் பட்டு விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிக்கு வந்ததும் நின்றார்.

"புலவர் சொல்லுதது சரிதான்," என்றார். பிறகு, "பரமசிவம், இங்கன வாரும்."

நான் போனேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு பக்கம் துப்பாக்கி, ஒரு பக்கம் ஜல்லி. நடுவில் நானும் என் பிழையும். ச் எங்கே என்று கேட்டார்.  கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவ்வளவு பயத்திலும் எனக்கு அவமானமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து, இது என்ன சார், இலக்கண வகுப்பா என்று கேட்டார். அவர் முகமெல்லாம் வியர்வை. சங்கரசுப்பு பொறுமையாகச் சொன்னார்: நோட்டீஸில் பிழை இருந்தால் நோட்டீஸ் கொடுத்ததாக ஆகாது. நோட்டீஸ் கொடுக்காமல் நான் உத்தரவு போட முடியாது. திருத்திவிட்டு முதலிலிருந்து செய்வோம்.

ச் எழுத நடுவில் இடம் இல்லை. நெருக்கி எழுதியிருந்தேன். மேலே கூட்டல் குறி போட்டு எழுதிவிடலாம் என்றான் ஒரு மாணவன். அடித்துத் திருத்திய எழுத்து அரசாங்கத்துக்கு அழகல்ல என்றார் புலவர். சங்கரசுப்புவும் அதையே சொன்னார். அந்த விஷயத்தில் இரண்டு பேருக்கும் அபிப்பிராய பேதமே இல்லை. ஆக, புதுத் துணி வேண்டும். ஊரில் கடையெல்லாம் அடைப்பு. அடைக்கச் சொன்னவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முருகையா தன் ஆட்களோடு கூடிப் பேசினான். எச்சரிக்கைத் துணி வாங்குவதற்காக மட்டும் ஒரு ஜவுளிக்கடையைக் கால் மணி நேரம் திறக்கலாம் என்று முடிவானது. இரண்டு மாணவர்களும் மாடசாமியும் போய்த் துணியும் என் பெயிண்ட் டப்பாவும் கொண்டுவந்தார்கள்.

பிளாட்பாரத்தில் துணியை விரித்து நான் குனிந்து எழுத ஆரம்பித்தேன். புலவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். நான் எப்படி எழுதுகிறேன் என்று பார்க்க, முதலில் நாலு பேர் தண்டவாளத்திலிருந்து ஏறி வந்தார்கள். பிறகு நாற்பது பேர். பிறகு எல்லோரும். போலீஸ்காரர்களும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். சஷ்டி சொன்னவர், எழுத்து நல்லாருக்கு என்றார். இன்ஸ்பெக்டர் தனியாக நின்றார்.

இரண்டாவது வரி முடியும்போது தடதடவென்று சத்தம். தண்டவாளம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து யாரோ கைகாட்டியை இறக்கிவிட்டார்கள். பாசஞ்சர் எங்களைத் தாண்டி ஓடியது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை எங்களுக்குக் கையை ஆட்டியது.

"ஏலே, ரயிலு போயிட்டுலே," என்றான் முருகையா.

அதுவரை விளையாட்டாக இருந்தது அந்த நிமிஷத்தில் போய்விட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவன் கத்தினான். திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள் என்றான் இன்னொருவன். எல்லோரும் மறுபடி தண்டவாளத்தில் குதித்தார்கள். இப்போது உட்காரவில்லை. நின்றார்கள். கையில் கல் இருந்தது. மதியத்துக்கு மேல் வரும் எதிர் ரயிலை விடவே மாட்டோம், கொளுத்துவோம் என்று சத்தம் எழுந்தது. போலீஸ்காரர்கள் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் என் அட்டையைப் பிடுங்கி, படிவத்தைச் சங்கரசுப்புவிடம் நீட்டினார். ரவுண்டு எத்தனை என்று மட்டும் போடுங்கள் சார் என்றார். அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார்.

புலவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் குந்தியபடியே, பார்த்து எழுத நான் விரித்திருந்த பழைய துணியின் மூன்றாம் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓர் ஐயம்," என்றார். "நடத்தப்படும் என்பது செயப்பாட்டு வினை. நடத்துவது யார் என்று இதில் இல்லையே?"

அந்தச் சத்தத்தில் சங்கரசுப்பு குனிந்து, என்ன சொல்லுதீங்க என்று கேட்டார். புலவர் திரும்பச் சொன்னார்.

"உத்தரவு நான்தான் போடணும்," என்றார் சங்கரசுப்பு.

"அப்படியானால் நான் என்று எழுதலாமே."

சங்கரசுப்பு நிமிர்ந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'தவறினால் துப்பாக்கிச் சூட்டுக்கு நான் உத்தரவிடுவேன். சங்கரசுப்பு, வட்டாட்சியர்.' வட்டாட்சியர் என்றுதான் சொன்னார். பெயரைப் பெரிதாக எழுதும் என்றார். அந்த ச்சை இடம் விட்டுத் தெளிவாக எழுதினேன். அவர் பெயரை அதைவிடப் பெரிதாக எழுதினேன்.

பெயிண்ட் காய நேரமில்லை. தலையாரிகள் தூக்கிப் பிடித்தார்கள். சிவப்பு கொஞ்சம் வழிந்தது. முதலிலிருந்து செய்வோம் என்று சொன்னபடி, சங்கரசுப்பு அறிவிப்பை மறுபடி முழுதாகப் படித்தார். மறுபடி கொம்பு ஊதச் சொன்னார். ஊதுகிறவருக்கு வாய் உலர்ந்து கொம்பு பாதியில் நின்றது. இந்த முறை அவர் துணிக்குப் பின்னால் நிற்கவில்லை. தன் பெயருக்குக் கீழே, முன்னால் நின்றார்.

புலவர் தண்டவாளத்தில் இறங்கி, கூட்டத்துக்கு முன்னால் நின்று, வகுப்பில் படிப்பதைப் போல மூன்று வரியையும் உரக்கப் படித்தார். பெயரையும் படித்தார். 

"பிழை இல்லை," என்றார்.

பிறகு பையன்கள் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்த்த மூன்று நாளில் முதல்முறையாக அவர் ஊர்ப் பேச்சில் பேசினார்.

"ஏலே முருகையா, கல்லைக் கீழ போடு. எல்லாரும் மேல ஏறுங்க, போவோம்."

"ஏன் அய்யா? பயந்துட்டீங்களா?"

"ஆமா, பயந்துட்டேன். அந்த மனுசன் பேரைப் போட்டு எழுதிட்டாருலே. எழுதினதைச் செய்வாரு. நீங்களும் சாக வேண்டாம், அவரும் கொல்ல வேண்டாம். தமிழுக்குச் செய்ய வேண்டியது நெறைய கெடக்கு. போவோம்."

முருகையா அசையவில்லை. அழுதுவிடுவான் போல இருந்தான்.  பிறகு கல்லைக் கீழே போட்டான். ஆனால் வெறுங்கையோடு போக அவனுக்கு மனசில்லை. பிளாட்பாரத்தில் கிடந்த பழைய துணியை, நான் ச் விட்ட துணியை, கேட்டான். சங்கரசுப்பு தலையாட்டினார். அதை இரண்டு மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு, சர்க்காருக்குத் தமிழ் தெரியவில்லை என்று கோஷம் போட்டபடி, அந்தக் காலத்தில் இடிந்து நின்ற கோயிலின் மொட்டைக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். என் கையெழுத்தை ஊர் முழுக்கப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டம் போன பிறகு சங்கரசுப்பு பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தார். மாடசாமி தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் பாதி சட்டையில் சிந்தியது. தோளில் கல் பட்ட இடத்தில் ரத்தம் ஊறியிருந்தது. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீங்கள் உண்மையிலேயே அந்த ச்சுக்காகவா சார் நிறுத்தினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"பின்ன?" என்றார் சங்கரசுப்பு.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. எச்சரிக்கைத் துணியில் ஒற்று விடுபட்டதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். கல்வீச்சின்போது மனம் பதற்றமடைந்ததால் நேர்ந்தது, மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தேன். 'ஏற்கப்பட்டது. இனி கவனம் தேவை' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். என் விளக்கத்தில் 'மனம்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம் இருந்தது. நான் அதை எத்தனையோ நாள் உற்றுப் பார்த்தேன். அதில் என்ன பிழை என்று எனக்குத் தெரியவில்லை. பிழை என்று நினைத்துத்தான் வட்டம் போட்டாரா என்றும் தெரியவில்லை.

டெலிபோன் சரியானதும் மேலிடம் திரும்ப வந்துவிட்டது. அதோடு கேள்விகளும் வந்தன. துணியில் சொந்தப் பெயரை எழுத யார் அனுமதி கொடுத்தது என்று ஒரு கடிதம். சட்டவிரோதக் கூட்டத்தாரைக் கொண்டே துணி வாங்கியது எந்த விதிப்படி என்று இன்னொன்று. எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டுப் பதில் எழுதினார். கடைசியாக ஒரு நீண்ட படிவம் வந்தது. சுட்ட ரவுண்டுகள், இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் என்று பத்தி பத்தியாகக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 'இல்லை' என்று எழுதினார். காயமடைந்தவர்கள் என்ற இடத்தில் தன்னைக்கூட எழுதவில்லை. படிவம் திரும்பி வந்தது. எல்லாப் பத்தியிலும் 'இல்லை' என்று வந்தால் அதைத் துப்பாக்கிச் சூடு பற்றிய அறிக்கையாக ஏற்க இயலாது என்று குறிப்பு. இப்படி அது நாலு முறை போய் வந்தது.

ஐந்தாம் முறை படிவத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள். 'எச்சரிக்கை காட்டிய பிறகும் சுடாததற்குக் காரணம்.' அதற்குள் அவருக்கு வேறு தாலுகாவுக்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் அந்தப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது, அதை என் மேஜையில் வைத்து, தபாலில் சேர்த்துவிடும் என்றார். அவர் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். மற்ற எல்லாப் பத்தியிலும் 'இல்லை' என்று அழகாக எழுதியிருந்தார். அந்த ஒன்றில் பேனாவை வைத்து எடுத்த ஒரு புள்ளி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்து.

நான் விரலை வைத்து ஒருமுறை முழுவதும் படித்தேன். பிறகு உறையில் போட்டு ஒட்டி, எண் போட்டு அனுப்பிவிட்டேன். அதன் பிறகு அது திரும்பி வரவே இல்லை.